ஆபரேஷன் முடிந்தது, அடுத்து என்ன? இன்னொரு டாக்டரையும் கேட்கலாம்



மார்பில் கட்டி என்று போனீர்கள். புற்றுநோய் என்று சொல்லி ஆபரேஷனும் செய்தாயிற்று. தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும், "ஊசி மருந்து ஏத்தணும், கரண்டும் வைக்கணும்" என்கிறார் டாக்டர். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்று வீட்டில் பேச்சு எழும்.

ஏன் மேல் சிகிச்சை?

கட்டியை எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத நோய் அணுக்கள் உடம்பில் தங்கியிருக்கலாம். அவற்றை அழிக்கவே மேல் சிகிச்சை. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. கட்டியின் அளவு, அக்குள் நெறிகளில் பரவியிருக்கிறதா என்பது, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று பரிசோதனைகளின் முடிவு ஆகியவற்றைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். ஈ.ஆர். பாஸிட்டிவ் என்றால் 5 வருஷமாவது மாத்திரை உண்டு. ஹெர்-2 பாஸிட்டிவ் என்றால் அதற்கென்றே தனி ஊசி உண்டு. மார்பை வைத்துக் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கரண்ட் சிகிச்சை அவசியம்.

இன்னொருவரைக் கேட்பது தவறா?

தவறே இல்லை. நிலம் வாங்கினால் பத்திரத்தை இரண்டு பேரிடம் காட்டுகிறோமே! "டாக்டர் கோவிச்சுக்குவாரு" என்று பயப்பட வேண்டாம். "ஐயா, இன்னொரு இடத்திலயும் கேட்டுட்டு வர்றோம், காகிதமெல்லாம் கொடுங்க" என்று நேரில் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ, 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்திலோ காட்டலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

1. டிஸ்சார்ஜ் சீட்டு
2. சதைப் பரிசோதனை ரிப்போர்ட்
3. ஸ்லைடும் மெழுகுக் கட்டியும். இவை இருந்தால் மறுபடி சதை எடுக்காமலே திரும்பப் பரிசோதிக்கலாம். லேபில் கேட்டு வாங்குங்கள்.
4. ஸ்கேன் படங்கள், காப்பீட்டு அட்டை

நாள் கடத்தாதீர்கள்

ஊசி மருந்து தேவை என்றால், ஆபரேஷன் ஆகி 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. 3 மாதம் தாண்டினால் பலன் குறையும். ஆகவே தையல் பிரித்த வாரமே புறப்படுங்கள். இரண்டு டாக்டரும் ஒன்றே சொன்னால் மனம் தெளியும். வேறு வேறாகச் சொன்னால் காரணம் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நாட்டு மருந்தை நம்பி சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

கூடவே போங்கள். கேள்விகளை எழுதிக் கொண்டு போங்கள். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் கூடாது. கருத்தடை மாத்திரையும் ஊசியும் இந்த நோய்க்கு ஆகாது. நிரோத் அல்லது காப்பர்-டி பற்றிக் கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள். இனிமேல் குழந்தை வேண்டும் என்றிருந்தால், ஊசி மருந்து தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்டுத் தெளியுங்கள்! தெளிந்ததும் தொடங்குங்கள்! தொடங்கியதை முடியுங்கள்!