சி டிரைவ் ஃபுல்... டெம்ப் ஃபைல்களை அழிக்கப் போறீங்களா? முதல்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாருங்க!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு காரைக்கால் வீடுகளில் ஒரு வேலை சூடுபிடித்துவிடும். மதிப்பெண் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், போட்டோ, கையெழுத்து என எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சென்டாக் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தலைநகரான புதுச்சேரி இங்கிருந்து 130 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் தமிழ்நாட்டு மாவட்டங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். எனவே திருநள்ளாறோ, நெடுங்காடோ, திருமலைராயன்பட்டினமோ... வீட்டு லேப்டாப்பும் பக்கத்து பிரவுசிங் சென்டரும்தான் மாணவர்களுக்கு அட்மிஷன் கவுன்டர்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் திணறும். 'சி' டிரைவ் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கும். 'டெம்ப் ஃபைலை எல்லாம் அழிச்சுடு, சரியாயிடும்' என்று யாராவது சொல்வார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் எதை அழிக்கிறோம் என்று பார்க்காமல் எல்லாப் பெட்டிக்கும் டிக் போட்டால், குப்பையோடு சான்றிதழும் போய்விடும்.

டெம்ப் ஃபைல் என்றால் என்ன?

சமைக்கும்போது காய்கறித் தோலைப் போட ஒரு தட்டு வைத்துக்கொள்வோம் இல்லையா, அதுபோலத்தான். ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போதும், பெரிய ஃபைலைத் திறக்கும்போதும், விண்டோஸ் தன்னை அப்டேட் செய்துகொள்ளும்போதும் தற்காலிகமாகச் சில ஃபைல்களை உருவாக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அவற்றை நீக்கிவிட வேண்டும். ஆனால் சாஃப்ட்வேர் பாதியில் நின்றாலோ, கரன்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தாலோ அவை அப்படியே தங்கிவிடும். மாதக்கணக்கில் சேர்ந்தால் பல ஜிபி.

500 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. குறைந்த விலை லேப்டாப்களில் 64 ஜிபி, 128 ஜிபி மட்டுமே இருக்கும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி. அதில் விண்டோஸே பெரும்பங்கை எடுத்துக்கொண்டால், அப்டேட் இறங்கக்கூட இடம் இருக்காது. பாதுகாப்பு அப்டேட் தள்ளிப்போவது, லேப்டாப் ஸ்லோ ஆவதைவிடப் பெரிய ஆபத்து.

2018-ல் நடந்தது என்ன?

விண்டோஸில் 'டிஸ்க் கிளீன்அப்' என்ற வசதி நீண்ட காலமாகவே இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில், அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும் புதிதாகச் சேர்க்கப்பட்டது. எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு ஓகே கொடுத்துப் பழகியவர்கள், வழக்கம்போல அதையே செய்தார்கள். டவுன்லோடு செய்து வைத்திருந்த ஃபைல்கள் மொத்தமாகக் காணாமல் போயின. 2020-ல் வந்த பதிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டியலிலிருந்து டவுன்லோட்ஸை நீக்கியது.

அதே 1809 அப்டேட், சிலருடைய டாக்குமென்ட்ஸ், போட்டோ ஃபோல்டர்களையே அழித்துவிட்டதாகப் புகார் எழுந்ததால், வெளியான சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. சரிசெய்யப்பட்டு நவம்பரில்தான் மீண்டும் வந்தது. பேக்கப் வைத்திருந்தவர்கள் மட்டும் கவலைப்படவில்லை.

இப்போதும் விண்டோஸ் செட்டிங்ஸில் இருக்கும் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பட்டியலில் டவுன்லோட்ஸ் இடம்பெறுகிறது. பிரவுசரில் இறக்கும் விண்ணப்பமும், மெயிலில் வந்த சான்றிதழும், வாட்ஸ்அப் வெப்பில் அப்பா அனுப்பிய ஆதாரும் போய் விழும் இடம் அதுதான். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்பான பழைய பிறப்புச் சான்று, திருமணச் சான்றுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அந்த ஸ்கேன்களும் பெரும்பாலும் இதே ஃபோல்டரில்தான் கிடக்கும்.

பாதுகாப்பாக அழிப்பது எப்படி?

1. முக்கியமான ஃபைல்களை டவுன்லோட்ஸிலிருந்து எடுத்து, டாக்குமென்ட்ஸில் தனி ஃபோல்டர் போட்டு வையுங்கள். பென் டிரைவிலோ, கூகுள் டிரைவிலோ இன்னொரு காப்பி இருக்கட்டும்.

2. திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயன்பாட்டில் இருக்கும் டெம்ப் ஃபைல்கள் பெரும்பாலும் அப்போது விடுபட்டுவிடும்.

3. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும்.

4. டவுன்லோட்ஸில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னை ஒருமுறை திறந்து பார்த்த பிறகே டிக் போடுங்கள்.

5. விண்டோஸ் அப்டேட் கிளீன்அப், டெலிவரி ஆப்டிமைசேஷன், தம்ப்நெயில்ஸ், டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம். தம்ப்நெயில் என்பது போட்டோவின் சிறு முன்தோற்றம் மட்டுமே. அதை அழித்தால் போட்டோ அழியாது. விண்டோஸ் மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

6. 'முந்தைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்று ஒன்று பல ஜிபி-யில் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள். புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப அது வேண்டும். வழக்கமாக 10 நாள்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

நேரடியாக டெம்ப் ஃபோல்டருக்கே போக விரும்பினால், விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் சதவீதக் குறி, 'டெம்ப்' என்ற ஆங்கிலச் சொல், மறுபடி சதவீதக் குறி என இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். உள்ளே இருப்பதை செலக்ட் செய்து டெலீட் செய்யலாம். 'இந்த ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது' என்று வந்தால் ஸ்கிப் கொடுங்கள். மல்லுக்கட்ட வேண்டாம். ஷிஃப்ட் அழுத்தி டெலீட் செய்யாதீர்கள். அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரடியாகப் போய்விடும்.

இங்கே கவனம்!

ஜிப் ஃபைலைப் பிரிக்காமல், உள்ளே இருக்கும் டாக்குமென்டை அப்படியே திறந்து வேலை பார்ப்பது பலருக்குப் பழக்கம். மெயிலில் வந்த அட்டாச்மென்டைச் சேவ் செய்யாமல் திறந்து திருத்துவதும் அப்படித்தான். இவை டெம்ப் ஃபோல்டரிலோ, அதுபோன்ற தற்காலிக இடத்திலோதான் திறக்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருத்திய புராஜெக்ட் அங்கேயே கிடக்கலாம். எந்த ஃபைலாக இருந்தாலும் முதலில் 'சேவ் அஸ்' கொடுத்து உங்கள் ஃபோல்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32, வின்எஸ்எக்ஸ்எஸ் ஆகியவற்றில் கைவைக்கவே கூடாது. பெரிதாகத் தெரிந்தாலும் அவை குப்பை அல்ல.

கிளீனர் ஆப் வேண்டுமா?

'ஒரே கிளிக்கில் உங்கள் பிசி சுத்தம்' என்ற விளம்பரங்களை நம்பி எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். உலகம் முழுக்கப் பிரபலமான சிசிகிளீனரே 2017-ல் ஹேக்கர்களிடம் சிக்கியது. அதன் ஒரிஜினல் பதிப்பிலேயே மால்வேர் கலந்து வெளியானது. சுமார் 22.7 லட்சம் பேரிடம் அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்தது. விண்டோஸிலேயே இலவசமாக இருக்கும் வேலைக்கு வெளியாள் தேவையில்லை.

'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதியை ஆன் செய்தால், விண்டோஸ் தானே அவ்வப்போது சுத்தம் செய்துகொள்ளும். அதில் டவுன்லோட்ஸுக்கு எத்தனை நாள் என்று கேட்கும் இடத்தில் 'நெவர்' என்று வைக்க மறக்காதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் கதையே வேறு

வீட்டில் டவுன்லோட்ஸைக் காப்பாற்ற வேண்டும். வெளியிடத்தில் அதைத்தான் முதலில் அழிக்க வேண்டும். உங்கள் ஆதார், பான், சான்றிதழ்கள் அங்கே இருந்தால், அடுத்து உட்காருபவர் கண்ணில் படும். இன்காக்னிட்டோவில் பிரவுஸ் செய்தாலும், டவுன்லோடு செய்த ஃபைல் கம்ப்யூட்டரில் தங்கத்தான் செய்யும். கிளம்பும் முன் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் இரண்டிலும் உங்கள் ஃபைல்களை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். மெயிலிலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசர் தடயங்களை அழிக்கும் பெட்டி வரும்.

போனிலும் இதே பாடம்தான்

ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பட்டன்கள் அடுத்தடுத்து இருக்கும். 'கிளியர் கேஷ்' தற்காலிக ஃபைல்களை மட்டும் அழிக்கும், பயமில்லை. 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' ஆப்பையே புதிதுபோல ஆக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அதைத் தொட்டால், பேக்கப் இல்லாத சாட் எல்லாம் போய்விடும். வாட்ஸ்அப்பைச் சுத்தம் செய்ய, அதன் செட்டிங்ஸில் இருக்கும் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போதும். பெரிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நீக்கலாம்.

தவறி அழித்துவிட்டால்?

முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், அந்த லேப்டாப்பில் வேறு எதையும் சேவ் செய்யாமல் உடனே நிறுத்திவிட்டு, நம்பகமான சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி-யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அரசு தரும் பல சான்றிதழ்களை டிஜிலாக்கரில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாத்தா காலத்து ஆவணத்தின் ஸ்கேனும், குடும்ப போட்டோவும் அங்கே கிடைக்காது. அவற்றுக்கு இன்றைக்கே ஒரு காப்பி எடுத்துவிட்டு, பிறகு டெம்ப் ஃபைல் பக்கம் போங்கள்.