துளை விழுந்த பின் வேப்பிலை எதற்கு?

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய சூளகிரி வட்டாரத்தில் கேழ்வரகும், அதனூடே ஊடுபயிராக மொச்சையும் நெடுங்காலமாகப் பயிரிடப்படுகின்றன. ஒரே கொல்லையில் விளைந்து ஒரே வீட்டில் சேமிக்கப்படும் இவ்விரண்டில், கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்க, மொச்சை சில மாதங்களிலேயே துளைபட்டு மாவாக உதிர்ந்துவிடுகிறது. அரிசி வண்டு போன்றவற்றின் புழு மணிக்குள்ளேயே தின்று வளர்வதாலும், கேழ்வரகு மணி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ளதாலும், அதற்குள் புழு வளர இடமிருப்பதில்லை. அரைத்த மாவுக்கு மட்டும் இந்தக் காப்பு கிடையாது.

மொச்சையைத் தாக்கும் பயறு வண்டு, காய் முற்றும் பருவத்திலேயே வயலில் முட்டையிடத் தொடங்கி, அறுவடையோடு வீட்டுக்குள் வந்துசேர்கிறது. பயறின் தோல்மீது ஒட்டப்பட்ட முட்டையிலிருந்து பொரியும் புழு நேராக உள்ளே துளைத்துச் சென்று, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகி வெளியேறும்போதுதான் அந்தத் துளை கண்ணில் படுகிறது. அதன் பிறகு டப்பாவில் போடப்படும் வேப்பிலையும் மிளகாய் வற்றலும், புதிதாக வரும் வண்டைத் தம் மணத்தால் ஓரளவு தயங்கச் செய்யலாமே தவிர, உள்ளிருக்கும் புழுவை எட்டுவதில்லை.

அடுக்களைப் பொருள்களில் இதற்கு மெய்யாகவே கைகொடுப்பது எண்ணெய்தான். நன்கு உலர்ந்த பயறில் கிலோவுக்கு 5 மில்லிலிட்டர் கடலை எண்ணெயை ஊற்றி, எல்லா மணிகளிலும் படியும்படி புரட்டிவைத்தால், முட்டை மூச்சுவிடும் நுண்துளை அடைபட்டு, உள்ளிருக்கும் கரு மடிந்துவிடும். ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட புழுவுக்கு வெயிலே மருந்து: கருப்பு விரிப்பில் மெல்லியதாகப் பரப்பிய பயறை ஒளி ஊடுருவும் பாலித்தீனால் மூடி, வெப்பம் 57 டிகிரி செல்சியஸை எட்டிய நிலையில் ஒரு மணி நேரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு மூன்றுமே அழியும். ஆகவே முதலில் வெயில், பிறகு எண்ணெய் என்பதே சரியான வரிசை.

பூச்சிக்கு எதிராகப் பயறில் கலக்கும் வசம்பை மட்டும் தனியே பார்க்க வேண்டும். அதிலுள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்க வல்லது எனினும், அதே பொருள் ஆய்வக விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. எனவே வசம்புத் தூளை விதைக்கென ஒதுக்கிய பயறில் கலக்கலாம், குழம்புக்கு எடுக்கும் பயறில் கலப்பது தகாது.

பயறு சேமிக்கும் வீட்டில் வண்டு பகை என்றால், தொழிற்சாலைப் பணியாளர்கள் நெருங்கி வாழும் வரிசை வீடுகளில் தொல்லை வேறு, அங்கே கரப்பான்தான் பகை. சோடா உப்பும் சர்க்கரையும் தின்ற கரப்பான் வயிறு வெடித்துச் சாகும் என்பது சுவையான கதையே அன்றி, நம்பி நடக்கத்தக்க முறையன்று. உணவின்றி வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் கரப்பான், நீரின்றி அதைவிட விரைவில் மடிவதால், இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து உலரவிடுவதும், பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுநீர்க் குழாயின் வாயை வலையிட்டு மூடுவதும் அந்தக் கலவையைவிடக் கூடுதலாகப் பயன் தரும்.