கணவாய்க்கு ஏற்ற தூண்டில்

பாறசாலையிலிருந்து தென்மேற்கே இறங்கினால் பொழியூர்க் கடற்கரை. அதையடுத்த ஊரான நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நிற்க, விளவங்கோடு வட்டம் பிரிந்து வந்தது. கடலடிப் பார்களுக்கு அந்த எல்லைக்கோடு கிடையாது. மழைக்காலத்தின் சீற்றம் தணிந்தபின் அப்பார்களை நாடி வரும் ஓட்டுக் கணவாயைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் வழக்கம் இப்பகுதியில் உண்டு.

குளிர்நாடுகளில் உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டிலை ஏற்றி இறக்கி மீன் பிடிப்பார்கள். நம் கரையில் பனிக்கட்டி மீன்பெட்டிக்குள் மட்டுமே இருக்கிறது. கையின் வேலை என்னவோ ஏறத்தாழ ஒன்றுதான். கடைகளில் ‘ஜிக்’ எனக் கேட்டு வாங்கப்படும் கணவாய்த் தூண்டில், இறாலின் வடிவில் அமைந்த பொய்யிரை. அதன் வாலில் மேல்நோக்கி வளைந்த முட்கள் கிரீடம்போல் அமைந்திருக்கும். அம்முட்களுக்கு எதிர்க்கொக்கி இல்லை. எனவே கணவாய் தன் இரு நீண்ட கைகளால் பற்றியதும் நரம்பைத் தளரவிடாமல் இழுக்க வேண்டும். ஒரு நொடி தளர்ந்தாலும் அது நழுவிவிடும்.

இறால்வடிவத் தூண்டில் ஜப்பானின் தெற்கே, ககோஷிமா வட்டாரத்தில் மரத்தைச் செதுக்கிச் செய்யப்பட்டது. பெட்டிகளில் காணும் 2.5, 3, 3.5 என்ற எண்கள் அந்நாட்டு அளவுமுறையின் எச்சம். ஓர் அலகு ஏறத்தாழ 3 செ.மீ. ஆகையால் 3.5 என்பது பத்தரை செ.மீ. நீளம். ஆழமும் நீரோட்டமும் கூடினால் எடை மிகுந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலேசான தூண்டில் பாரை எட்டுமுன் ஓட்டத்தில் விலகிவிடும்.

நிறத்தைப் பற்றித்தான் வாதம் ஓய்வதில்லை. இளஞ்சிவப்பே சிறந்தது என்பார் ஒருவர், பச்சையே என்பார் மற்றொருவர். கணவாய்க்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வை இல்லை என்பது ஆய்வில் தெளிந்த செய்தி. ஒளியும் நிழலும் வேறுபடுவதையே அது கூர்ந்து காண்கிறது. கலங்கிய நீரில் பின்புலத்திலிருந்து தனித்துத் தெரியும் தூண்டில் போதும். பத்து நிறம் வாங்குவதைவிட, வெளிர்நிறத்தில் ஒன்றும் கருநிறத்தில் ஒன்றும், ஒவ்வோர் எடையிலும் வாங்குவதே சிக்கனம் என்பது நம் கருத்து. பாறையில் சிக்கி அறுந்துபோவன எப்படியும் உண்டு.

கையால் தூண்டிலிட்ட கணவாய் தோல் கிழியாமல் கரைசேர்வதால் இழுவலைக் கணவாயைவிட நல்ல விலை பெறும். 2018-19 நிதிநிலை அறிக்கையின்படி உழவர் கடன் அட்டை மீனவர்க்கும் விரிவாக்கப்பட்டது. எரிபொருள், பனிக்கட்டி, கூலி ஆகிய நடைமுறைச் செலவுகளுக்கு அதில் கடன் பெறலாம். பதிவு பெற்ற படகும் மீன்பிடி உரிமமும் வேண்டும்.

எனினும் ஒரு நெருடல் உண்டு. குமரி மாவட்டத்துத் தூண்டில்காரர் சிலர் கர்நாடகக் கடலில் தென்னங்குலைகளை மூழ்கவைத்துக் கணவாயைத் திரட்டினர். அங்குள்ள இழுவலைப் படகினரோடு பூசல் மூண்டது. குலைகளை நாடி வந்தவை பெரும்பாலும் முட்டையிட வந்த பெண்கணவாய்கள். திராட்சைக் கொத்துபோல் குலையில் ஒட்டிய முட்டைகள் பொரிவதற்கு வாரங்கள் ஆகும். அதற்குள் குலையை மேலே இழுத்தால் அவையும் அதனோடு வந்துவிடுகின்றன.