வெப்ப முள் ஏறினால் பழுது இன்ஜினிலா, சென்சாரிலா?
மலையேறும் கார், பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு...

கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கும் மாதங்களில் வண்டி நின்றுபோனால் நட்டம் வண்டியோடு முடிவதில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு, மூன்று நாட்களில் உள்ளே நீலம் ஓடிக் கெடத் தொடங்கிவிடும். சேகோ ஆலையில் விலை கிடைப்பது மாவுச்சத்துப் பாயிண்டைப் பொறுத்துத்தான். வெள்ளிமலைப் பக்கத்தில் கிழங்கைக் குவித்துவிட்டு, கச்சிராயபாளையத்திலிருந்து மேலே வர வேண்டிய வண்டி பாதி மலையில் முள் ஏறி நிற்கிறது என்றால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விவசாயிதான் விலை கொடுக்கிறார்.

இந்த நேரத்தில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. "சென்சார்தான் போயிருக்கும், ஓட்டிட்டுப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று உண்மையான கொதிப்போடு வண்டியை மேலே விரட்டுவது ஒன்று. ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட் வளைந்து, ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் தவறு இது. இன்னொன்று, சில நூறு ரூபாயில் முடிகிற சென்சார் கோளாறுக்கு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று வரிசையாக மாற்றுவது. இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் யூரியா போடுகிற வேலைதான் இதுவும்.

சென்சார் என்பது என்ன?

இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரில் நுனி முழுகியிருக்கும்படி திருகி வைத்த சின்ன பித்தளை அல்லது பிளாஸ்டிக் குமிழ்தான் அது. அதற்குள்ளே தெர்மிஸ்டர் என்ற பொருள் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். சில பொருட்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்பதை மைக்கேல் பாரடே 1833-லேயே கண்டு சொல்லிவிட்டார். காரில் உள்ள கணினி, சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்பி, திரும்பி வரும் அளவை வைத்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. எவ்வளவு எரிபொருள் விட வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் எப்போது சுற்ற வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கைப் பார்த்துத்தான் முடிவாகிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் மீட்டர் முள்ளுக்கு ஒற்றை ஒயரில் தனி சென்சாரும், கணினிக்கு இரண்டு ஒயரில் வேறு சென்சாரும் இருக்கும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்றின் கோளாறு தீரவில்லையே என்று புலம்புவது இதனால்தான்.

சென்சார் எப்போதும் "குளிர்" என்று பொய் சொன்னால், பெட்ரோல் கார் தேவைக்கு மேல் எண்ணெய் குடிக்கும். மைலேஜ் விழும், சைலன்சர் வாயில் கரி படியும். டீசல் வண்டியில் குளோ பிளக் விளக்கு சூடான இன்ஜினிலும் நீண்ட நேரம் எரியும். "கொதிக்கிறது" என்று பொய் சொன்னால், மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், சாவி போட்டதுமே ஃபேன் இரையும், ஏ.சி. நின்றுபோகும்.

முதலில் தண்ணீர்

சென்சாரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது கூலன்ட் மட்டம். வண்டி முழுதாக ஆறிய பிறகு மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால், சென்சார் நுனி நீரில் இல்லாமல் வெற்றிடத்தில் நிற்கும். அப்போது இன்ஜின் தீயாய்க் காய்ந்தாலும் முள் நடுவிலேயே நிற்கலாம், கீழேகூட இறங்கலாம். முள் இறங்கிவிட்டதே என்று ஓட்டினால் இன்ஜின் கதை முடிந்தது. ஏற்றத்தில் இழுவை குறைந்து, இனிப்பு கலந்த ஆவி வாடை வந்தால் முள்ளை நம்பாமல் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துவதே சரி. ஹீட்டர் உள்ள காரில் இன்னொரு அடையாளம் உண்டு: இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் கூலன்ட் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்றைய கார்கள் பலவற்றில் முள் ஓரளவு மழுப்பித்தான் காட்டும். 80 டிகிரியிலும் 100 டிகிரியிலும் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியே அமைத்திருக்கிறது. ஆகவே மலையேறும்போது நடுவைத் தாண்டி முள் நகர்ந்தாலே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் முள் மிகவும் கீழே போய், சமவெளியில் நெடுநேரம் ஓடியும் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். சென்சார் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம்.

காலையில் ஒரு பரிசோதனை

இரவு முழுக்க நின்ற வண்டியில் விடிகாலையில் சாவியை மட்டும் திருப்பிப் பார்ப்பதுதான் எளிய சோதனை. ஆறிப்போன இன்ஜினில் முள் மேலே நின்றால், பொய் சொல்வது சென்சாரோ ஒயரோதான். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் என்றால், கூலன்ட் சூட்டையும் இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டையும் சேர்த்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் செய்யாத வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 18 என்றும் கூலன்ட் 60 என்றும் காட்டினால் விடை கிடைத்துவிட்டது. ஸ்கேனரில் பி 0118 என்ற எண் வந்தால் கணினிக்குக் கடுங்குளிர் போலத் தெரிகிறது, அதாவது இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. பி 0117 என்றால் எங்கோ ஒட்டிக்கொண்டு கொதிப்பு போலத் தெரிகிறது. இரண்டும் சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கின்றன. சென்சாரை மாற்று என்று சொல்வதில்லை.

அடுத்து கனெக்டர். சாவி போட்ட நிலையில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால், ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி அளவில் காட்ட வேண்டும். இரண்டு ஒயர் கனெக்டர் என்றால், அதன் இரு முனைகளையும் சின்ன கம்பியால் இணைத்ததும் 120-க்கு மேல் ஓட வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் ஒயரும் கணினியும் நலம், பழுது சென்சாரில். நடக்காவிட்டால் ஒயரைத் தேட வேண்டும். கனெக்டரைக் கழற்றியதும் ஃபேன் திடீரென்று சுற்றும். கையும் துண்டும் அதன் பக்கம் போகக் கூடாது.

வைக்கோல் போட்ட கொட்டகையில் வண்டி நிற்கும் வீடுகளில் எலி கடித்த ஒயர் சாதாரணம். சேறு போக பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவும் வண்டிகளில் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சுத்தம் செய்ததோடு கோளாறு தீர்ந்துவிடுவதும் உண்டு.

பாத்திரத்தில் கொதிக்க வைத்து...

கழற்றிய சென்சாரை மல்டிமீட்டரில் மாட்டி, நுனி மட்டும் நனையும்படி தண்ணீரில் விட்டுச் சூடேற்றலாம். பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கமும், கொதிநிலையில் 200-க்குக் கீழும் காட்டும். மாடலுக்கு மாடல் சற்று மாறும். எண்ணைவிட முக்கியம், அது தாவாமல் சீராக இறங்குகிறதா என்பது. நடுவில் துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ சென்சார் போய்விட்டது. மலைமேல் சோதிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: 3,000 அடி உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் தங்காத வண்டி மலையில் சீக்கிரம் கொதிப்பதற்கும் இதே காரணம்தான். அங்கே மாற்ற வேண்டியது மூடியை.

சென்சார் நுனியில் வெள்ளைப் படிவு இருந்தால், போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டி என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் சொட்டுநீர்க் குழாயை அடைப்பது போலவே ரேடியேட்டரையும் அடைக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட்டை, டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுவதே நல்லது.

புது சென்சார் போட்டதும் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றி, ஆறிய பின் மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். பழைய கூலன்ட்டைக் களத்து மேட்டில் கொட்டிவிடக் கூடாது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றுக்குட்டியும் நக்கிவிடும். சிறுநீரகம் பழுதாகி உயிரே போகும். கேனில் பிடித்து, மூடி போட்டு, மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாம்.