ஆத்துல வாழும் சுறா! அழிவின் விளிம்பில் கங்கை சுறா

கொல்கத்தா:

சுறா என்றாலே கடல்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆற்றுத் தண்ணீரில் வாழும் சுறாவும் உண்டு. அதன் பெயர் கங்கை சுறா.

மேற்கு வங்காளத்தில் ஓடும் ஹூக்ளி ஆறுதான் இதன் பழைய வீடு. 1839-ம் ஆண்டே ஜெர்மன் விஞ்ஞானிகள் முல்லர், ஹென்லே ஆகியோர் இதற்கு பெயர் வைத்து விட்டனர். அதன் பிறகு கண்ணில் பட்டது ரொம்ப குறைவு.

கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு என்ன வேலை? அதனால்தானோ என்னவோ, இதற்கு கண் ரொம்ப சின்னது. முட்டை போடாமல் குட்டி போடும் இனம். மற்ற மீன்போல லட்சக்கணக்கில் பெருகாது.

ஆளைக் கடிக்கும் என்ற கெட்ட பெயர் வேறு! உண்மையில் பல சம்பவங்களில் குற்றவாளி, ஆற்றுக்குள் ஏறி வரும் காளை சுறாதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பழி மட்டும் இந்த அப்பாவி மீது.

1975-ல் திறக்கப்பட்ட பராக்கா தடுப்பணை மீன்கள் ஏறும் வழியை மறித்தது. போதாததற்கு ஆற்று மாசு, வலை, துடுப்பு வியாபாரம்.

2016 பிப்ரவரியில் மும்பை சசூன் டாக் மீன் துறைமுகத்துக்கு சுமார் 8¾ அடி நீள பெண் சுறா ஒன்று வந்தது. பார்த்தால் கங்கை சுறா! 10 ஆண்டுக்கும் மேலாக காணாமல் இருந்தது, அரபிக்கடலில் செத்த மீனாக கிடைத்தது.

2001 முதல் இதைப் பிடிக்க சட்டப்படி தடை. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு ஜெயில். ஆனால் வலையில் விழுந்தது காளை சுறாவா, கங்கை சுறாவா என்று மீனவர்களால் சட்டென பிரித்து சொல்ல முடிவதில்லை.