பட்டா இல்லாதவரின் இழப்பு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குச் சூழல் பாதுகாப்பைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் மன்றத்தின் இளந்தோழர் ஒருவர், “மரம் நடுறதப் பத்திப் பேசப் போறீங்களாண்ணே?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவரையும், அந்த ஏரியில் கலக்கும் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுக்கிறவரையும் ஒரே மேடையில் நாம் அதிகம் பார்த்ததில்லை. பழைய கிராமத்தின் நீர் மேலாண்மை எவ்வளவு அருமை என்று சூழல் கூட்டங்களில் பேசுவார்கள். மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி எந்தத் தெருவில் குடியிருந்தார், அவர் பாய்ச்சிய தண்ணீரை ஊர்க்கிணற்றில் மொள்ள அவருக்கு உரிமை இருந்ததா என்பது அந்தப் பேச்சில் வராது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் பேசியபோது, வரைவுச் சட்டம் கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமத்தை நினைத்து உருகுகிற எந்த இயக்கத்தையும் நாம் சற்று எட்ட நின்று பார்ப்பதற்கு அந்தப் பேச்சே போதுமான காரணம்.

ஆனால் எட்டவே நின்றுவிட்டால் நட்டம் நமக்குத்தான். அதை விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மாசு என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே தீட்டு என்ற சொல் நம் முதுகில் எழுதப்பட்டுவிட்டது. பொல்யூஷன் என்ற ஆங்கிலச் சொல் இரண்டையும் குறிக்கும். 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் 108 குடங்களில் பாலும் தயிரும் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து குளத்தில் கொட்டிச் ‘சுத்தம்’ செய்தார்கள். மனிதர் தொட்ட நீர் அழுக்கு, சாணம் கொட்டிய நீர் சுத்தம்! அந்தக் குளத்தின் உரிமை பம்பாய் உயர்நீதிமன்றத்தில் உறுதியானது 1937இல். பத்தாண்டுகள் ஆயின. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு நான் போன சூழல் கூட்டங்களில் ஆறுகளைப் பற்றிப் பேசினார்கள், கடலைப் பற்றிப் பேசினார்கள். அந்தத் தொட்டியை நீர் மாசு என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை. நாமும் அதை வன்கொடுமை என்று மட்டுமே பேசினோம். இரண்டும்தான் அது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவே குற்றமாகச் சொல்கிறது. நம் கையில் இருக்கும் மிக வலுவான சூழல் சட்டங்களில் அது ஒன்று.

இனி கீழத்தஞ்சைக்கு வருகிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைப்படி நெல் கூலி உயர்வும் செங்கொடியும் காரணம். அதன் பிறகு அந்த வட்டாரத்துக்கு வந்து தங்கியவர்களில் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் இருந்தார்கள். நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். 1981இல் அவர்கள் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவருக்கு நில உரிமை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலக்கிழாரிடம் பேசி விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் அளவில், பெரும்பாலும் பெண்கள் பெயரில், பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பதிவு செய்துகொடுத்தார்கள். காந்தியத்தோடு நமக்குள்ள கணக்கு வேறு, அது எளிதில் தீராது. ஆனாலும் ஒரு தலித் பெண்ணின் பெயரில் பதிவான ஓர் ஏக்கர் நன்செய் என்ன செய்யும் என்பதைத் தத்துவச் சண்டைக்காக மறைக்க மாட்டேன்.

1990களின் தொடக்கத்தில் அந்தக் கடற்கரைக்கு இறால் பண்ணைகள் வந்தன. ஏற்றுமதி, டாலர், நீலப் புரட்சி என்றார்கள். வயலை வெட்டிக் குட்டையாக்கி, கடலிலிருந்தும் கழிமுகத்திலிருந்தும் உப்புநீரைப் பம்பு வைத்து ஏற்றினார்கள். இறாலுக்குத் தீனி, நோய்க்கு மருந்து. அறுவடை முடிந்ததும் மிச்சத் தீனியும் மருந்தும் கழிவும் சேர்ந்த நீர் வாய்க்காலில் விடப்பட்டது. குட்டையின் உப்பு கரையைத் தாண்டி பக்கத்து வயலுக்குக் கசிந்தது, பிறகு கிணற்றுக்கு. 1994, 95இல் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரை முழுவதும் இறாலை அழித்தபோது பல முதலாளிகள் குட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். உப்பு மட்டும் போகவில்லை.

யார் என்ன இழந்தார்கள் என்பதை நிதானமாகப் பாருங்கள். நிலத்தை விற்றவருக்கோ குத்தகைக்கு விட்டவருக்கோ பணம் வந்தது. பக்கத்து வயல்காரருக்கு நட்டம், ஆனால் அவரிடம் பட்டா இருக்கிறது, அடங்கல் இருக்கிறது, மனு போடலாம். அந்த வயலில் நடவு நட்ட பெண்ணிடம் என்ன இருக்கிறது? நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஆண்டில் அவருக்குக் கிடைத்த கூலி நாட்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அறுத்த வயலில் பொறுக்கிய கதிர், வாய்க்காலில் பிடித்த நண்டும் நத்தையும், புறம்போக்கில் அறுத்த புல்லும் கோரையும், ஆடு மேய்த்த மேட்டுத்திடல் எதற்கும் ரசீது கிடையாது. வயல் குட்டையானதும் ஒரு காவலாளிக்கும் சில ஆட்களுக்கும் வேலை. மற்றவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போக வேண்டியதுதான். குடிக்கும் தண்ணீர் உவர்ப்பானபோது கூடுதலாக நடந்தவர்களும் அவர்கள்தான். இயற்கையிலிருந்து மிக அதிகம் பெற்றவர்கள் நிலமற்றவர்கள். அதை இழந்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்களும் அவர்களே. சூழல் என்றால் நமக்கு இதுதான், தோழர்களே: பட்டா இல்லாத சொத்து.

ஜெகந்நாதன் 1994இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். அப்போது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. களத்தில் உண்ணாநோன்பும் மறியலும் நடந்துகொண்டிருந்தன. நாக்பூரில் இயங்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் கேட்டது. இறால் விற்று வரும் வருமானத்தைவிட அதனால் ஏற்படும் சேதத்தின் மதிப்பு அதிகம் என்று அறிக்கை வந்தது. கூலியும் குடிநீரும் நண்டும் நத்தையும் முதன்முறையாக யாரோ ஒருவரின் கணக்கில் ஏறின.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. பாரம்பரிய முறைகளைத் தவிர்த்து, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது. மாசு செய்தவர் இழப்பீடு தர வேண்டும். மூடப்படும் பண்ணையில் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சட்டப்படியான ஆட்குறைப்புத் தொகையோடு ஆறாண்டுக் கூலியும் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சூழலுக்காக ஆலையை மூடு என்கிறவர்கள் தொழிலாளியை மறந்துவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அந்த ஒரு பத்தி பதில். சட்டம் படிக்கும் மாணவர்கள் தீர்ப்பை முழுவதும் படியுங்கள்.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுசீராய்வு மனுக்கள் வந்தன, இடிக்கும் உத்தரவு நிறைவேறவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. தீர்ப்பு எதன்மேல் நின்றதோ அந்த 1991ஆம் ஆண்டுக் கடலோர அறிவிக்கையையே முன்தேதியிட்டுத் திருத்தி, தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்றது. 2009க்குப் பின் வன்னாமி இறால் வந்தது, குட்டைகள் மீண்டும் நிறைந்தன. 2023இல் இன்னொரு திருத்தமும் வந்தது. இழப்பீடு தரவேண்டியவர்களைக் கண்டறிய ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். கண்டறிய ஆவணம் வேண்டும். நடவு நட்டவளிடம் ஏது ஆவணம்?

அப்படியானால் அந்தப் போராட்டம் வீணா என்று கேட்பீர்கள். வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாஃப்டி வழியாகப் பத்திரமான ஓர் ஏக்கரில் குட்டை வெட்ட வேண்டுமானால் யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணிடம் வந்து கையெழுத்துக் கேட்க வேண்டும். முதலில் நிலம், அதன் மேல் சூழல் போராட்டம் என்ற வரிசை அங்கே இருந்தது. இன்றைய சூழல் அமைப்புகள் பலவற்றில் அந்த வரிசை இல்லை. பஞ்சமி நில மீட்பைத் தம் வேலையாக நினைக்கும் சூழல் அமைப்பு எத்தனை?

கேரளத்தின் பிளாச்சிமடையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோக்க கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதை எதிர்த்து 2002 ஏப்ரலில் ஆதிவாசிகளும் தலித்துகளும் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், மயிலம்மா முன்னால் நின்றார். 2003இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை நின்றது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அங்கேயும் ஆலையை நிறுத்த முடிந்தது, இழந்ததை வாங்க முடியவில்லை.

ஆகவே சூழல் அமைப்புகளை ஆதரிக்க வேண்டுமா என்றால், ஆதரிக்க வேண்டும். அவர்களிடம் வழக்கறிஞர் உண்டு, ஆய்வகத் தொடர்பு உண்டு, அறிக்கையை வாசித்துச் சொல்லத் தெரிந்தவர் உண்டு. பூவுலகின் நண்பர்கள் போன்றவர்கள் தமிழிலேயே நூல் போடுகிறார்கள். சந்தா கட்டுங்கள், கூட்டத்துக்குப் போங்கள். போகும்போது கேள்வியோடு போங்கள். மனுவில் முதல் கையெழுத்து யாருடையது? காலனிக் கிணற்று நீரை எடுத்துப் பரிசோதித்தார்களா, ஊர்க்கிணற்றோடு நிறுத்திக்கொண்டார்களா? ஆக்கிரமிப்பு அகற்றுவது என்ற பெயரில் ஏரிக்கரைக் குடிசைகளை இடிக்கச் சொல்லும் வழக்கா, ஏரிக்குள் எழுந்த கட்டடங்களையும் சேர்த்துச் சொல்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு ஒரு கூட்டத்திலிருந்து நான் வெளியே வர நேர்ந்தது. இன்னொரு கூட்டத்தில் அதே கேள்விக்காக மனுவையே திருத்தினார்கள். இரண்டு வகையும் இருக்கிறது.

நம் வேலை, ஆவணம் இல்லாததற்கு ஆவணம் உண்டாக்குவது. பெரிய ஆலையோ சுரங்கமோ துறைமுகமோ வருமுன் 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை, கூட்டம் முழுவதும் வீடியோ பதிவு. குறைந்தபட்சம் இத்தனை பேர் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. நாளிதழ் போகாத ஊரில் தமுக்கடித்துச் சொல்லலாம் என்று அந்த அறிவிக்கை சொல்கிறது. தமுக்கு யார் தலையில் விழுந்த வேலை என்று நமக்குத் தெரியும். அடித்தவரின் தெருவுக்குள் அந்தச் செய்தி வந்ததா என்பதுதான் கேள்வி. கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் வாசித்துக் காட்டி அன்றே கையெழுத்திட வேண்டும். வாசிக்கும் வரை எழுந்து போகாதீர்கள். “கூலி வேலை போகும், மேய்ச்சல் போகும், இந்தக் கிணற்றில்தான் குடிக்கிறோம்” என்று நம் பெண்கள் பேசியது அதில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் ஆலை என்றால் பத்து ரூபாயில் தகவல் அறியும் உரிமை மனு போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், இழப்பீட்டுக்கு ஐந்தாண்டு. பல ஊர்களில் தேதி தப்பியே வழக்கு போகிறது. அதனால்தான் நாளைக் குறித்து வையுங்கள் என்கிறேன்: தண்ணீர் நிறம் மாறிய நாள், ஆடு செத்த நாள், நடவுக்குக் கூப்பிடாமல் விட்ட நாள்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் அதில் ஒன்று. சில ஊர்களில் நம்மவர்கள் ஓரமாக நின்றுவிட்டு வருகிறார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இந்த மன்றத்தின் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, உங்கள் தெருவின் கைப்பம்பு நீரைப் பிடித்து, இடமும் நாளும் நேரமும் எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கட்டணத்தை மன்றம் தரும், செயலாளரிடம் பேசிவிட்டேன். வரும் தாளைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் அந்த எண்கள் ஏறிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இதே நினைவு நாளில் அந்தப் படங்களைக் கொண்டுவாருங்கள். அன்று நான் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஜெய்பீம்.