இணைய முகவரிகளின் பங்கீடு



கடிதம் உரியவரைச் சேர வேண்டுமாயின் உறையில் வீட்டிலக்கமும் வீதியும் ஊரும் இருத்தல் வேண்டும். இணையத்தில் இணையும் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் அவ்வாறே ஒரு முகவரி வேண்டும். நெடுங்காலமாக வழங்கிவரும் முறைப்படி, அம்முகவரி 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களால் ஆனது. இவ்வாறு அமையக்கூடியவை உலகனைத்துக்கும் ஏறக்குறைய 430 கோடியே. மக்கட்டொகையோ அதனினும் மிக்கது. அளவுபட்ட இப்பொருளை யார், எங்ஙனம் பங்கிடுகின்றனர் என்பதை இன்று நோக்குவோம்.

உலகப் பொதுப் பதிவகம் ஒன்று ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்குப் பெருந்தொகுதிகளை வழங்கும். அவை சேவை வழங்குநருக்குச் சிறு தொகுதிகளாக ஒதுக்கும். ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்குரிய ஏப்னிக் என்னும் பதிவகம் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ளது. இலங்கையும் அதன் எல்லைக்குட்பட்டதே.

முகவரிகளைத் தனித்தனியே கொடாது தொகுதியாகக் கொடுப்பதேன்? தபாற்கந்தோரில் கடிதங்களைப் பிரிப்பவர் ஊரின் பெயரைக் கண்டதும் அவ்வூர்ப் பையில் இடுவார், வீட்டிலக்கத்தை நோக்கார். இணையத்தில் வழிகாட்டும் கருவிகளும் முகவரியின் முற்பகுதியைக் கொண்டே எவ்வழங்குநரிடம் அனுப்புவதெனத் துணிகின்றன. தொகுதிகள் சிதறினால் அக்கருவிகள் நினைவிற் கொள்ளவேண்டிய வழிகள் அளவிறந்து பெருகும்.

காணிக் கச்சேரியில் விண்ணப்பகாரரின் தேவையை விசாரிப்பதுபோலப் பதிவகமும் வழங்குநரின் தேவையை ஆராய்ந்தே ஒதுக்கும். ஆயின், தொடக்க காலத்தில் இக்கண்டிப்பு இருக்கவில்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் என்னும் ஒரு கல்விக்கூடத்துக்கே 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு பகுதியைத் தான் விற்கப்போவதாக அது 2017இல் அறிவித்தது.

2011 பெப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுப் பதிவகம் தன்னிடம் எஞ்சிய ஐந்து பெருந்தொகுதிகளையும் பிராந்தியத்துக்கு ஒன்றாகக் கொடுத்துமுடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஏப்னிக், வழங்குநர் ஒருவருக்கு 1,024 முகவரிகளுக்கு மேல் இல்லையென வரையறுத்தது. 2019இல் அது 512 ஆகக் குறைந்தது. முந்தியவர்க்குக் கோடி, பிந்தியவர்க்கு ஐந்நூறு!

இதன் விளைவு நம் வீட்டுவரை வருகிறது. முகவரி போதாத வழங்குநர் ஒன்றையே பல வாடிக்கையாளருக்குப் பொதுவாக்குகிறார். அவர்களுள் ஒருவர் குற்றமிழைக்க, ஓர் இணையத்தளம் அம்முகவரியைத் தடைசெய்யுமாயின், குற்றமற்ற ஏனையோரும் வாயிலில் நிறுத்தப்படுவர்.

இக்குறையை நீக்கவே ஆறாம் பதிப்பு எனப்படும் புதிய முறை 1990களில் வகுக்கப்பட்டது. அதன் முகவரிகள் 340க்குப் பின் 36 சுழியங்கள் இட்டாற்போன்ற தொகையின. எனினும், பழைய முறையை மட்டும் அறிந்த கருவியும் புதிய முறையை மட்டும் அறிந்த கருவியும் இடையில் மாற்றித்தரும் துணையின்றி உரையாட இயலாது. ஆதலால், எல்லோரும் புதியதற்கு மாறும்வரை, புதிதாகத் தொழில் தொடங்கும் வழங்குநர் பழைய முகவரிகளையும் தேடியலைய வேண்டியுள்ளது.

எண்ணுக்குப் பஞ்சமில்லை, பங்கீட்டில் முன்யோசனை இல்லாமையே பஞ்சத்தை விரைவுபடுத்திற்று. பொதுப்பொருள் ஏராளமாய்த் தோன்றும் காலத்திலேயே அதனை அளந்து கொடுத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.